விளங்கலையே மேடம்

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் கம்பெனியில் யாரும் அவரை அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. வந்த முதல் வாரத்திலேயே கேட் செக்யூரிட்டியிலிருந்து கேன்டீன் வரை அவர் 'விளங்கலையே மேடம்' ஆகிவிட்டார். அதனால் நானும் பெயரை விட்டுவிடுகிறேன்.

அந்தப் பட்டம் வந்த கதை இது. தொண்ணூற்றொன்றில், எங்கள் கம்ப்யூட்டர் டிபார்ட்மென்டில் புதிய சாஃப்ட்வேர் ஒன்று போடப்போகிறார்கள் என்று எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார்கள். மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் அறுத்தாகிவிட்டது. மேனேஜர் போர்டில் கட்டம் கட்டமாகப் போட்டு விளக்கினார். கடைசியில், "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்றார். எல்லாரும் தலையை ஆட்டினோம். எனக்கு ஒரு வரி புரியவில்லை. இருந்தாலும் நன்றாகவே ஆட்டினேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "எனக்கு விளங்கலையே."

சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுப்பதற்காக மெட்ராஸ் கம்பெனியிலிருந்து வந்திருந்த அம்மாதான் அது. மேனேஜர் முகம் சுருங்கிப்போனது. எங்கள் பக்கத்தில் ஒரு காரியத்தைப் பார்த்து 'விளங்காது' என்றால் அது சாபம்.

"மேடம், நல்ல காரியம் ஆரம்பிக்கிறப்போ அப்படிச் சொல்லாதீங்க."

"எப்படி?"

"விளங்காதுன்னு."

"விளங்காதுன்னு சொல்லல சார். எனக்கு விளங்கலன்னுதான் சொல்லுதேன்."

"ரெண்டும் ஒண்ணுதான் மேடம்."

"ரெண்டும் எப்படி ஒண்ணாகும்? அதுவும் எனக்கு விளங்கலையே."

யாரோ சிரித்துவிட்டார்கள். திருநெல்வேலிப் பக்கத்தில் 'புரியவில்லை' என்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டோம். அதற்குள் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஹைவேஸில் எங்கள் ஃபேக்டரி. லாரிக்கான உதிரிப் பாகங்கள் செய்தோம். நான் மணிமங்கலத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் போவேன். ஒரகடத்தில் அப்போது இறங்க ஆளும் கிடையாது, ஏற ஆளும் கிடையாது. முள்ளுக்காடும் பனைமரமும்தான். எங்களோடு கூட்டு வைத்திருந்த வெளிநாட்டுக் கம்பெனி தாங்கள் ஓட்டிமுடித்த மெயின்பிரேம் கம்ப்யூட்டரை எங்கள் தலையில் கட்டியிருந்தது. பீரோ பீரோவாக ஒரு அறை நிறைய நிற்கும். அதற்கு ஏசி. எங்களுக்கு அதனால் சளி. மேடம் காசித்துண்டைத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, பாடி கட்டிய லாரி மாதிரி அந்த அறைக்குள் நுழைவார். கைப்பையில் எப்போதும் ஆரஞ்சு மிட்டாய் இருக்கும். அவருக்கு எதையாவது விளக்கிச் சொன்னவர் யாராக இருந்தாலும் ஒரு மிட்டாய் கிடைக்கும். மேனேஜரும் ஒருமுறை வாங்கி, என்ன செய்வதென்று தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டார்.

நான் அங்கே டேட்டா என்ட்ரி. மெஷின் ஷாப்பிலும் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பிலும் எந்த மெஷின் நின்றாலும் மெயின்டனன்ஸ் ஃபிட்டர் ஒரு சீட்டு எழுதுவார். என்ன கோளாறு, என்ன செய்தார் என்று அதில் இருக்கும். அதை நானும் பக்கத்து சீட் லதாவும் டேட்டாபேஸில் ஏற்ற வேண்டும். மெஷின் நம்பரையும் தேதியையும் கொடுத்தால் அந்தச் சீட்டை எடுக்கலாம். புதிதாக வந்த சாஃப்ட்வேர் அதற்கு மேல். டேட்டாபேஸின் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு, சீட்டுகளில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் படித்து, எந்தச் சொல் எங்கெல்லாம் வருகிறது என்று இன்டெக்ஸ் போட்டுக்கொள்ளும். பிறகு 'ஆயில் லீக்' என்று அடித்தால் ஆயில் ஒழுகிய சீட்டெல்லாம் வரும். இதை நான் இவ்வளவு தெளிவாகச் சொல்வது இப்போது. அன்றைக்கு எனக்கு இது ஒரு டேப்பில் வந்த பூதம்.

பூதம் முதலில் வேலையே செய்யவில்லை. இன்டெக்ஸ் போடும் ஜாபை ஓடவிட்டால் பாதியில் டிஸ்க் நிரம்பி நின்றுவிடும். மறுபடி விட்டால் மறுபடி நிற்கும். அது ஓடும்போது டிஸ்பாட்ச் பில் அடிக்க முடியாது. லாரிகள் கேட்டில் நிற்கும். டிஸ்பாட்ச்காரர்கள் மேனேஜரைத் திட்டுவார்கள். மேனேஜர் எங்களைப் பார்ப்பார். நாங்கள் டெர்மினலைப் பார்ப்போம்.

எந்தச் சொல் அதிக இடத்தை அடைக்கிறது என்று மேடம் ஒரு பிரின்ட் அவுட் எடுத்தார். 'தி', 'இஸ்', 'அண்ட்' மாதிரி இங்கிலீஷ் சொற்களைச் சாஃப்ட்வேர் தானே தள்ளிவிடும். எங்கள் சீட்டுகளில் அவற்றைவிட அதிகமாக வேறொன்று இருந்தது. பேப்பரைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

"ஸ்டெல்லா, யாரும்மா இந்தக் கீது?"

"எந்தக் கீது மேடம்?"

"எல்லா மெஷின்லயும் இவ பேருதான் இருக்கு. லேத்துலயும் கீது, பிரஸ்லயும் கீது, கம்ப்ரசர்லயும் கீது. ஒத்தப் பொம்பள இத்தன மெஷினப் பாக்காளா?"

நான் லதாவைப் பார்த்தேன். லதா கீபோர்டின் மேல் கவிழ்ந்துவிட்டாள். ஃபிட்டர்கள் பேசுகிற மாதிரியே தமிழில் எழுதிக்கொடுப்பார்கள். கீபோர்டில் இங்கிலீஷ் எழுத்துதான் உண்டு. சீட்டில் உள்ளபடி ஏற்ற வேண்டும் என்பது உத்தரவு. 'சவுண்டு வந்துகினு கீது', 'பெல்ட் லூசா கீது' என்றெல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அடித்து ஏற்றியவர்கள் நாங்கள்தான். நான் கே-யில் ஆரம்பிப்பேன். லதா ஜி-யில் ஆரம்பிப்பாள்.

"மேடம், கீதுன்னா... இருக்கு. இருக்குங்கறதத்தான் இங்க அப்டி சொல்வாங்க."

மேடம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார். "அப்பம் மிச்சத்தையும் சொல்லு. இது என்ன, குந்திக்கிச்சு? இது என்ன, பூட்டுது? பூட்டு போடுததா?"

"போயிட்டுதுன்னு அர்த்தம் மேடம்."

நாள் முழுக்க அவருக்கு எங்கள் ஊர்த் தமிழைச் சொல்லிக்கொடுத்தேன். என் பையில் மிட்டாய் நிறைந்துவிட்டது. அர்த்தம் இல்லாமல் அடைத்துக்கொண்டிருந்த சொற்களை நீக்கினார். அப்போதும் டிஸ்க் போதவில்லை. சீட்டுகளின் அடியில் இருந்த ஆட்களின் பெயர்களையும் நீக்கினார். மணி, குமார், சாமி, பாபு என்று வரிசையாக. அதற்குப் பிறகு இன்டெக்ஸ் நிற்காமல் ஓடிமுடிந்தது. மேனேஜர் 'பேரிங்' என்று அடித்தார். திரை நிறைய பேரிங். அன்றைக்குத்தான் அவர் மேடத்தைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தார்.

அவரைப் பற்றி எங்களுக்கு அதிகம் தெரியாது. பூந்தமல்லியில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருந்தார். கழுத்தில் தாலி இருந்தது. அவரைத் தேடி யாரும் வந்ததில்லை. ஒருநாள் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, நான் கேட்காமலே சொன்னார்.

"எங்க வீட்டுக்காரரு ஒருநாள் ஒத்துவரலன்னுட்டாரு. என்ன ஒத்துவரலன்னு கேட்டேன். உனக்கு வெளங்காதுன்னாரு. வெளங்குத மாதிரி சொல்லுங்கன்னேன். பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டாரு."

தலையை ஆட்டினேன்.

"நீ ஏன் தலைய ஆட்டுத? உனக்கு வெளங்குதா?"

"இல்ல மேடம்."

"எனக்கும்தான்" என்றார். பஸ் வந்துவிட்டது.

மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் பிரஸ் ஷாப்பில் ஏழுமலை அண்ணனின் வலது கையில் பிரஸ் இறங்கியது. இரண்டு விரல்கள் போய்விட்டன. தகட்டை எடுக்கக் கை நீட்டினபோது, பெடலை மிதிக்காமலேயே மெஷின் தானாக இறங்கியது என்று அவர் சொன்னார். முன்பும் இறங்கியிருக்கிறது என்றார். அவரே கவனமில்லாமல் மிதித்துவிட்டார் என்றது கம்பெனி. விசாரணை வைத்தார்கள். அவர் மேல் தப்பு என்று முடிவானால் வேலையும் போகும், வர வேண்டியதும் வராது.

மேனேஜர் உற்சாகமாகிவிட்டார். புதிய சாஃப்ட்வேரின் பெருமையைக் காட்ட இதைவிட நல்ல சமயம் எது? பிரஸ் தானாக இறங்குவதற்கு 'டபுள் ஸ்ட்ரோக்' என்று பெயர். அந்தச் சொல்லை அடித்தார். ஜீரோ. 'ரிப்பீட்' என்று அடித்தார். ஜீரோ. 'தானா' என்று தமிழிலும் அடித்துப் பார்த்தார். ஃபேன் தானாக நின்றது என்று ஒரு சீட்டு வந்தது.

"பாத்தீங்களா? இதுக்கு முன்னாடி ஒரு கம்ப்ளைன்ட் கூட இல்லை. பிரின்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க மேடம். தேடல் நல்லா வேலை செய்யுதுன்னு நான் உங்க பேப்பர்ல கையெழுத்துப் போடறேன். ரெண்டு பேருக்கும் வேலை முடிஞ்சுது."

மேடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஆளு பொய் சொல்லுதாரா?"

"அது நமக்கு எதுக்கு மேடம்?"

"ஒண்ணு, கம்ப்ளைன்ட் இல்லாம இருக்கணும். இல்லன்னா கம்ப்ளைன்ட் இருந்து நமக்குத் தேடத் தெரியாம இருக்கணும். இதுல எதுன்னு எனக்கு விளங்கலையே சார்."

காசித்துண்டை அவிழ்த்து மேஜையில் போட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு பிரஸ் ஷாப்புக்கு நடந்தார். கம்ப்யூட்டர்காரர்கள் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. தரை அதிர்ந்தது. அங்கே முனிரத்தினம் என்கிற ஃபிட்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பிரஸ் ஷாப் சீட்டுகளில் பாதி அவர் எழுதியவை.

"அண்ணாச்சி, பெடல மிதிக்காம மெஷின் எறங்குச்சின்னா அதுக்கு நீங்க என்ன சொல்லுவீங்க?"

முனிரத்தினம் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் புரியாமல் நின்றேன்.

"இன்னா சொல்றது? சாமி வந்துட்சின்னுவோம்."

மிட்டாய் எடுக்கக்கூட மேடத்தின் கை பைக்குள் போகவில்லை. திரும்பி நடக்கும்போது எனக்கும் மெல்ல மெல்ல ஞாபகம் வந்தது. சாமி வந்துட்சி, பார்த்தாச்சு, ஓகே. எத்தனை சீட்டில் அடித்திருப்பேன்! அடிக்கும்போது எழுத்து மட்டும்தான் கண்ணில் படும். அர்த்தம் படாது.

"கீதுன்னா என்னன்னு கேட்டேன். குந்துனா என்னன்னு கேட்டேன்" என்றார், எனக்குச் சொல்கிற மாதிரி இல்லாமல். "சாமிய மட்டும் கேக்கல. ஆளு பேருன்னு நானே நினைச்சுக்கிட்டேன்."

ஆட்களின் பெயர்களோடு சாமியையும் அவர் நீக்கியிருந்தார். இன்டெக்ஸில் அந்தச் சொல்லே கிடையாது, தேதி தெரியாமல் அந்தச் சீட்டுகளை வேறு வழியில் எடுக்கவும் முடியாது. அதைச் சேர்க்க வேண்டுமானால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போட வேண்டும். மாதக் கடைசி, பில் அடிக்கும் சமயம். மேனேஜர் முடியவே முடியாது என்றார். மெட்ராஸிலிருந்து மேடத்தின் கம்பெனிக்காரர் ஃபோனில் கத்தியது எங்கள் சீட் வரைக்கும் கேட்டது.

மேடம் ஃபோனை வைத்துவிட்டு மேனேஜர் முன்னால் போய் நின்றார். "தப்பு என்னோடது சார். தெரியாத சொல்ல தெரியும்னு நினைச்சு வெளிய எடுத்துட்டேன். இப்பம் இது நல்லா வேலை செய்யுதுன்னு நான் கையெழுத்துப் போடமாட்டேன். நீங்களும் போடாதீங்க."

மேனேஜர் கெட்டவர் இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை எடுத்துக்குங்க. அதுக்கு மேல என்னால முடியாது" என்றார்.

ஞாயிறு காலையில் மாதா கோயிலுக்குப் போகாமல் நானும் வந்தேன். வீட்டில் திட்டினார்கள். ஃபேக்டரி ஓடாததால் வெளியே மழைச் சத்தம் மட்டும்தான். டிஸ்க் போதாதே என்று, பழைய கேன்டீன் கணக்கையெல்லாம் டேப்புக்கு மாற்றி இடம் பண்ணினார். ஜாப் ஓடி முடிந்தபோது மதியச் சாப்பாடு ஆறிப்போயிருந்தது. டெர்மினலில் மேடம் சாமி என்று அடித்தார். வேறு எழுத்துக்கூட்டலிலும் அடித்தார். லதாவின் சாமி ஒய்-யில் முடியும்.

திரை நிறைந்து மேலே மேலே ஓடியது. ஏழுமலை அண்ணனின் பிரஸ் நம்பர் திரும்பத் திரும்ப வந்தது. நான் கையைத் தட்டினேன். மேடம் தட்டவில்லை.

"இத்தன தடவ எழுதியிருக்காங்க. ஏன் யாருமே படிக்கல?" என்றார்.

விசாரணையில் பிரின்ட் அவுட்டைப் பிடித்துக்கொள்ள என்னையும் கூட்டிப்போனார். விசாரணை அதிகாரி மெட்ராஸ் வக்கீல். பேப்பரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மெஷினுக்குச் சாமி வந்ததுன்னு எழுதினா அது கம்ப்ளைன்ட்டா? இதுக்கு ஃபிட்டர் எதுக்கு, பூசாரியைக் கூப்பிட வேண்டியதுதானே?" கம்பெனி ஆட்களும் சிரித்தார்கள்.

"எனக்கும் முதல்ல விளங்கல சார். அதனாலதான் போய்க் கேட்டேன். நீங்களும் கேளுங்க. எழுதுனவரு வெளிய நிக்காரு."

முனிரத்தினத்தைக் கூப்பிட்டார்கள். பனியன் தெரிய நனைந்திருந்தார்.

"மிதிக்காமயே ஒரு தபா எறங்கும் சார். அத்தத்தான் அப்டி எய்துவோம்."

"டபுள் ஸ்ட்ரோக்னு எழுதத் தெரியாதா உனக்கு?"

"தெரியும் சார்."

"பின்னே?"

முனிரத்தினம் எதிரே உட்கார்ந்திருந்த பிரஸ் ஷாப் சூப்பர்வைசரைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார். மேடம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பதில் தெரிய வேண்டும் என்கிற ஒரே ஆசையோடு.

"டபுள் ஸ்ட்ரோக்னு எய்தினா மிஷின நிறுத்தணும் சார். நிறுத்தினா புரொடக்‌ஷன் பூட்சின்னு திட்டுவாங்கோ. எய்தாம வுட்டா நாளிக்கி என் தலைமேல வரும். சாமி வந்துட்சின்னு எய்தினா... எய்தின மாதிரியும் ஆச்சு, யாரும் படிக்கவும் மாட்டாங்கோ."

வக்கீல் பேப்பரைத் திரும்ப எடுத்து, மேலிருந்து படிக்கத் தொடங்கினார்.

ஏழுமலை அண்ணன் மேல் தப்பில்லை என்று ஆனது. அவருக்குச் சேர வேண்டியது கிடைத்தது. ஸ்டோர்ஸில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார்கள். அந்தப் பிரஸ்ஸைப் பிரித்து, தேய்ந்துபோன கிளட்ச்சை மாற்றினார்கள். சூப்பர்வைசருக்கு ஒன்றும் ஆகவில்லை. முனிரத்தினத்தை சஸ்பெண்ட் செய்தார்கள். உண்மையான கோளாறை மறைத்து எழுதியதற்காக.

சஸ்பென்ஷன் முடிந்து திரும்பி வந்த பிறகு முனிரத்தினம் எங்களைக் கண்டால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார். "அவரு ஏன் எங்கிட்டப் பேசமாட்டேங்காரு ஸ்டெல்லா?" என்று மேடம் கேட்டார். எனக்குக் காரணம் தெரியும். டெர்மினல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மேடம் செய்தது நல்லதா? ஒருவருக்கு வேலை நிலைத்தது, இன்னொருவருக்கு ஆட்டம் கண்டது. அவர் கேட்காமல் இருந்திருந்தால் இரண்டும் தலைகீழாக ஆகியிருக்குமா, அதுவும் இல்லையா? பஸ்ஸில் போகும்போதெல்லாம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். படப்பை வரும்வரை ஒரு மாதிரி தோன்றும், படப்பை தாண்டினால் வேறு மாதிரி தோன்றும்.

கையெழுத்தான பேப்பர் இல்லாமல் நாளை இழுத்தடித்ததாக அவருடைய கம்பெனி அவரைத் திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டது. சாஃப்ட்வேர் கொஞ்ச காலம் ஓடியது. பிறகு டிஸ்க் போதவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். அதற்குள் ஃபிட்டர்கள் சீட்டில் எல்லாவற்றையும் இங்கிலீஷில் எழுதத் தொடங்கியிருந்தார்கள். எல்லாச் சீட்டிலும் 'செக்டு, ஓகே' என்று மட்டும் இருந்தது.

மெட்ராஸுக்குக் கிளம்புவதற்கு முன் ஏழுமலை அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார் மேடம். செம்பரம்பாக்கம் ஏரியை ஒட்டிய ஊர். நான் கூட்டிப்போனேன். மன்னிப்புக் கேட்கப் போகிறாரோ, இல்லை நன்றியை வாங்கிக்கொள்ளப் போகிறாரோ, எனக்குத் தெரியவில்லை. இரண்டும் நடக்கவில்லை. அண்ணன் ஸ்டோர்ஸ் வேலையில் இன்னும் சேரவில்லை, கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி மடக்கு நாற்காலியைப் பிரித்துப் போட்டார். சொந்தக்காரர்கள், யூனியன்காரர்கள் என்று எல்லாரும் வந்துபோன வீடு. சாத்துக்குடி ஒரு கூடையில் சுருங்கிக் கிடந்தது.

"இப்பம் எப்படி இருக்கு?"

"பரவால்ல மேடம்."

வந்தவர்கள் எல்லாரும் அதோடு விட்டிருப்பார்கள். மேடம், "பரவால்லன்னா?" என்றார்.

அண்ணன் மனைவியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இல்லாத வெரலு அரிக்குது மேடம்."

"இல்லாத விரலா?"

"இந்த ரெண்டும் இல்ல. ஆனா அதுதான் அரிக்குது. சொறியலாம்னு இந்தக் கைய எட்த்துக்கினு போனா அங்க ஒண்ணும் கெடையாது. வூட்டுல சொன்னா அயுவுறா. டாக்டரு சரியாப்பூடும்ன்றாரு."

மேடம் நாற்காலியைக் கட்டிலுக்கு அருகில் நகர்த்திக்கொண்டார்.

"எந்த இடத்துல? நுனியிலயா, மடக்குத இடத்துலயா?"

அண்ணன் யோசித்தார். அதுவரை அவரை யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை போலிருந்தது. வலது கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, இடது கை விரலால் வெறும் காற்றில் ஓர் இடத்தைக் காட்டினார்.

"இங்க."

மேடம் தன் விரலை அங்கே கொண்டுபோனார். "இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் மேல."

விரல் கொஞ்சம் மேலே போனது. நானும் அண்ணன் மனைவியும் அந்த ஒன்றுமில்லாத இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஆங். அங்கதான்."

மேடம் நகத்தால் அந்த இடத்தை மெதுவாகச் சொறிந்தார். ஏழுமலை அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

"கொஞ்சம் அயுத்தி, மேடம்" என்றார்.